ஒரே கோடிங்கில் பத்து பேர் கை வைத்தால் என்ன ஆகும்? ஐடி டீம்கள் நம்பியிருக்கும் 'கிட்' - முழு விளக்கம்

நியூஸ் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி ரொம்பப் பழக்கம். ஒரு செய்திக்கான ஸ்கிரிப்ட் வேண்டும் என்று ஃபோல்டரைத் திறந்தால் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் நியூ', 'இதுதான் ஃபைனல்' என நான்கு ஃபைல்கள் இருக்கும். இதில் எதை எடுப்பது? கடைசியாகத் திருத்தியது யார்? நடுவில் இருந்த ஒரு பத்தியைத் தூக்கியது ஏன்? கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவார்.

செய்தி ஸ்கிரிப்ட் என்றால்கூட இரண்டு பேருக்கு போன் போட்டுக் கேட்டுவிடலாம். இதுவே நீங்கள் பணம் அனுப்பப் பயன்படுத்தும் ஆப்பின் கோடிங்காக இருந்தால்? பத்து பேர் ஒரே நேரத்தில் அதில் வேலை செய்தால்? ஒருவர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதியதை, காலையில் வந்த இன்னொருவர் தெரியாமல் அழித்துவிட்டால்?

இந்தப் பிரச்சினைக்குத் தீர்வாக வந்ததுதான் 'வெர்ஷன் கன்ட்ரோல்'. இன்று அதில் முன்னணியில் இருப்பது 'கிட்'. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நிறுவனம் 2022-ல் டெவலப்பர்களிடம் நடத்திய சர்வேயில், பதில் சொன்னவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் கிட் பயன்படுத்துவதாகத் தெரிவித்தார்கள்.

கிட் என்றால் என்ன? ஒரு டீம் அதை வைத்து எப்படி வேலை செய்கிறது? எங்கே சறுக்குகிறது? ஐடி வேலைக்குத் தயாராகும் மாணவர்கள் முதல், 'என் பையன் ஆபீஸில் அப்படி என்னதான் செய்கிறான்' என்று யோசிக்கும் பெற்றோர் வரை எல்லோருக்கும் புரியும்படி பார்க்கலாம்.

வெர்ஷன் கன்ட்ரோல் என்றால் என்ன?

ஒரு ஃபைலில் யார், எப்போது, என்ன மாற்றினார், ஏன் மாற்றினார் என்பதை வரிசையாகப் பதிவு செய்து வைக்கும் சாஃப்ட்வேர்தான் வெர்ஷன் கன்ட்ரோல். தேவைப்பட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். நேற்றைய ஃபைலையும் இன்றைய ஃபைலையும் ஒப்பிடலாம். பல பேர் தனித்தனியாகச் செய்த மாற்றங்களை ஒன்றாகச் சேர்க்கலாம்.

தமிழ் படித்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஒரே நூலின் பல ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டு, எதில் எந்தச் சொல் மாறுகிறது என்று பாடபேதம் குறித்துப் பதிப்பித்தவர் உ.வே.சாமிநாதையர். அந்த ஒப்பிடும் வேலையை வரிக்கு வரி, நொடியில் செய்து கொடுக்கிறது கிட். ஆனால், எந்தப் பாடம் சரி என்று முடிவு செய்வது அன்றும் மனிதர் வேலை, இன்றும் மனிதர் வேலை. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க இதுதான் திரும்பத் திரும்ப வரும்.

கிட் எப்படிப் பிறந்தது?

வெர்ஷன் கன்ட்ரோல் புதிய விஷயம் இல்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1972-லேயே இதற்கான சாஃப்ட்வேர் உருவாகிவிட்டது. 2000-ல் 'சப்வெர்ஷன்' வந்தது. அதில் முழு வரலாறும் ஒரே ஒரு சர்வரில் இருக்கும். சர்வருடன் தொடர்பு இல்லாவிட்டால், மாற்றங்களைப் பதிவு செய்ய முடியாது.

உலகம் முழுக்க இருக்கும் டெவலப்பர்கள் சேர்ந்து எழுதும் லினக்ஸுக்கு இது சரிப்படவில்லை. அதனால் லினக்ஸ் டீம் 2002 முதல் 'பிட்கீப்பர்' என்ற தனியார் நிறுவன சாஃப்ட்வேரை இலவச அனுமதியில் பயன்படுத்தி வந்தது. 2005-ல் ஒரு தகராறு. பிட்கீப்பர் வேலை செய்யும் விதத்தை வெளியில் இருந்தே கண்டுபிடிக்க ஒருவர் முயன்றதாகச் சொல்லி, இலவச அனுமதியை அந்த நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொண்டது.

மாற்று வழி தேடிய லினக்ஸ் நிறுவனர் லினஸ் டோர்வால்ட்ஸ், தானே ஒன்றை எழுத உட்கார்ந்தார். 2005 ஏப்ரல் 3-ம் தேதி ஆரம்பித்தார். ஏப்ரல் 7-ம் தேதி, கிட்டின் கோடிங்கையே கிட்டுக்குள் வைத்துப் பராமரிக்கும் அளவுக்கு அது தயாராகிவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் பராமரிப்புப் பொறுப்பு ஜூனியோ ஹமானோ என்பவரிடம் போனது. 'கிட்' என்பது பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ஒருவரைத் திட்டும் சொல். தன் படைப்புகளுக்குத் தன் பெயரையே வைப்பதாக டோர்வால்ட்ஸ் ஜோக்கடித்தது தனிக் கதை.

சப்வெர்ஷனில் இருந்து கிட் எப்படி மாறுபடுகிறது? டீமில் உள்ள ஒவ்வொருவரின் கம்ப்யூட்டரிலும் முழு வரலாற்றின் பிரதி இருக்கும். நெட் இல்லாமல் ரயிலில் போய்க்கொண்டே வேலை செய்து, பதிவு செய்து, ஊர் போய்ச் சேர்ந்ததும் மற்றவர்களுக்கு அனுப்பலாம்.

கிட், கிட்ஹப் இரண்டும் ஒன்றா?

இல்லை. பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது. கிட் என்பது உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும் இலவச சாஃப்ட்வேர். கிட்ஹப் என்பது கிட் வைத்துப் பராமரிக்கும் கோடிங்கை இணையத்தில் வைத்துக்கொள்ளவும், டீமாகப் பேசி முடிவெடுக்கவும் உதவும் ஒரு நிறுவனத்தின் சேவை. 2008-ல் தொடங்கப்பட்ட அதை, 750 கோடி டாலருக்கு வாங்குவதாக மைக்ரோசாஃப்ட் 2018-ல் அறிவித்தது. கிட்லேப், பிட்பக்கெட் ஆகியவையும் இதே போன்ற சேவைகள்தான். கிட்ஹப் இல்லாமல் கிட் பயன்படுத்தலாம்.

இந்த நான்கு வார்த்தைகள் தெரிந்தால் போதும்

ரெப்போ: 'ரெப்பாசிட்டரி' என்பதன் சுருக்கம். ஒரு புராஜெக்ட்டின் எல்லா ஃபைல்களும், அவற்றின் முழு வரலாறும் சேர்ந்த பெட்டகம்.

கமிட்: 'இந்த நிமிடத்தில் புராஜெக்ட் இப்படி இருக்கிறது' என்று எடுத்து வைக்கும் ஒரு படம். எழுதியவர் பெயர், நேரம், ஒரு சிறு குறிப்பு ஆகியவை அதனுடன் சேர்ந்து பதியும். ஒவ்வொரு கமிட்டுக்கும் வழக்கமாக 40 எழுத்து, எண்கள் கொண்ட ஓர் அடையாளம் இருக்கும். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் அந்த அடையாளம் மாறிவிடும். அதனால் யாருக்கும் தெரியாமல் பழைய வரலாற்றைத் திருத்துவது கஷ்டம்.

பிராஞ்ச்: மெயின் ரோட்டில் இருந்து பிரியும் கிளைப் பாதை. மற்றவர்களைத் தொந்தரவு செய்யாமல் நீங்கள் தனியாக வேலை செய்யும் இடம். எல்லோருக்கும் பொதுவான பாதைக்குப் பெரும்பாலும் 'மெயின்' என்று பெயர். முன்பு 'மாஸ்டர்' என்றார்கள். 2020 அக்டோபர் முதல் கிட்ஹப்பில் தொடங்கும் புதிய ரெப்போக்களில் 'மெயின்' என்பதே வழக்கமான பெயர்.

மெர்ஜ்: கிளைப் பாதையில் செய்த வேலையை மறுபடியும் மெயினில் சேர்ப்பது.

ஒரு சின்ன மாற்றம் மக்களைச் சென்று சேர்வது எப்படி?

ஒரு பஸ் டிக்கெட் ஆப் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் சீனியர் சிட்டிசன்களுக்கு டிக்கெட்டில் 50 ரூபாய் தள்ளுபடி தர வேண்டும். அந்த வேலை ஒரு டெவலப்பரிடம் வருகிறது. அவர் என்ன செய்வார்?

1. முதலில் 'புல்'. மெயினில் மற்றவர்கள் சேர்த்த புதிய மாற்றங்களைத் தன் கம்ப்யூட்டருக்கு இழுத்துக்கொள்வார். நேற்றைய பேப்பரை வைத்துக்கொண்டு இன்றைய செய்தியை எழுதக் கூடாது இல்லையா, அது போலத்தான்.

2. புது பிராஞ்ச். 'சீனியர் தள்ளுபடி' என்பது போல, வேலை என்ன என்று பார்த்ததும் தெரியும் பெயர் வைப்பார். 'டெஸ்ட் 1', 'புதுசு' என்றெல்லாம் பெயர் வைத்தால், பிறகு ஒருவருக்கும் புரியாது.

3. சின்னச் சின்ன கமிட். மூன்று நாள் வேலையை மொத்தமாக ஒரே கமிட்டில் போட மாட்டார். ஒரு விஷயம் முடிந்தால் ஒரு கமிட். கூடவே எழுதும் குறிப்பு, செய்திக்குத் தலைப்பு மாதிரி இருக்க வேண்டும். 'சில மாற்றங்கள்' என்று எழுதுவது 'ஒரு சம்பவம் நடந்தது' என்று தலைப்பு போடுவதற்குச் சமம். '60 வயதுக்கு மேற்பட்டோருக்கு 50 ரூபாய் தள்ளுபடி சேர்ப்பு' என்றால் பார்த்தவுடன் புரியும். ஏன் என்ற காரணத்தையும் ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது.

4. 'புஷ்'. தன் பிராஞ்சை கிட்ஹப் போன்ற பொது இடத்துக்கு அனுப்புவார். லேப்டாப் கீழே விழுந்து உடைந்தாலும் வேலை பத்திரம்.

5. 'புல் ரிக்வெஸ்ட்'. 'நான் முடித்துவிட்டேன், பார்த்துவிட்டு மெயினில் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று டீமிடம் கேட்பதுதான் இது. கிட்லேப்பில் இதற்கு 'மெர்ஜ் ரிக்வெஸ்ட்' என்று பெயர்.

6. சோதனை. புல் ரிக்வெஸ்ட் வந்ததும் கம்ப்யூட்டரே தானாகச் சில டெஸ்ட்களை ஓட்டிப் பார்க்கும். இதை 'சி.ஐ.' என்கிறார்கள். ஒரு டெஸ்ட் தோற்றாலும் சிவப்பு அடையாளம் காட்டும்.

7. ரிவ்யூ. டீமில் இன்னொருவர் வரி வரியாகப் படிப்பார். கேள்வி கேட்பார். திருத்தச் சொல்வார். ஒப்புதல் கொடுப்பார்.

8. மெர்ஜ். பச்சை அடையாளமும் ஒப்புதலும் கிடைத்த பிறகு மெயினில் சேரும். வேலை முடிந்த பிராஞ்ச் அழிக்கப்படும். பிறகு அது ஆப்பின் அடுத்த வெர்ஷனில் மக்களுக்குப் போகும்.

இவ்வளவுக்கும் அடிப்படை ஒரே விதிதான். மெயினில் இருப்பது எப்போது எடுத்தாலும் ஓட வேண்டும். பாதி வெந்த சோற்றைப் பந்தியில் வைக்கக் கூடாது. அதற்காகத்தான் பல நிறுவனங்கள் மெயினுக்கு நேரடியாக யாரும் புஷ் செய்ய முடியாதபடி பூட்டு போட்டு வைக்கின்றன. டீம் லீடருக்கும் அதே பூட்டு இருந்தால்தான் அந்த விதிக்கு மதிப்பு.

'மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்' வந்தால் என்ன செய்வது?

புதிதாகச் சேர்ந்தவர்களை முதலில் பயமுறுத்துவது இதுதான். நம் ஆப்பில் சேவைக் கட்டணம் 20 ரூபாய் என்று ஒரு வரி இருக்கிறது. ஒருவர் தன் பிராஞ்சில் அதை 15 ஆக்குகிறார். அதே நாளில் இன்னொருவர் தன் பிராஞ்சில் 25 ஆக்குகிறார். முதல் ஆளின் மாற்றம் மெயினில் சேர்ந்துவிட்டது. இரண்டாவது ஆள் சேர்க்க வரும்போது கிட் நின்றுவிடும். 'ஒரே வரியை இரண்டு பேர் இரண்டு விதமாக மாற்றியிருக்கிறீர்கள். எது வேண்டும், நீங்களே சொல்லுங்கள்' என்று கேட்கும்.

ஃபைலைத் திறந்தால் அந்த இடத்தில் இரண்டு வரிகளும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும். மேலே ஏழு அம்புக்குறிகள், நடுவில் ஏழு சமக்குறிகள், கீழே ஏழு அம்புக்குறிகள். வேண்டியதை வைத்துக்கொண்டு, மற்றதையும் இந்தக் குறிகளையும் நீக்கிவிட்டு, மறுபடியும் கமிட் செய்தால் முடிந்தது.

இதில் பலர் செய்யும் தப்பு என்ன தெரியுமா? அவசரத்தில் 'என்னுடையதே இருக்கட்டும்' என்று பட்டனைத் தட்டிவிடுவார்கள். இன்னொருவர் செய்த வேலை சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். சரியான வழி ரொம்ப சிம்பிள். அந்த வரியை மாற்றியவர் யார் என்று கிட்டே சொல்லும். அவரிடம் போய் 'ஏன் 15 ஆக்கினீங்க?' என்று கேட்க வேண்டும். இரண்டு நிமிடப் பேச்சில் முடியும் விஷயம். 15-ஆ, 25-ஆ என்பது கோடிங் கேள்வியே இல்லை. அது மேனேஜரிடம் கேட்க வேண்டிய கேள்வியாகக்கூட இருக்கலாம்.

கான்ஃப்ளிக்ட் வராதபோதுதான் ஜாக்கிரதை!

கான்ஃப்ளிக்ட் வந்தால் கஷ்டம் என்று நினைக்கிறோம். உண்மையில் வராதபோதுதான் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கும்.

அதே ஆப். கட்டணத்தைக் கணக்கிடும் பகுதி, 250 ரூபாய் டிக்கெட்டுக்கு '250' என்று விடை தருகிறது. பேமென்ட் சேவைகள் சில, தொகையை பைசாவில் கேட்கும். அதனால் ஒரு டெவலப்பர் அந்தப் பகுதியை பைசாவுக்கு மாற்றுகிறார். இப்போது அது '25000' என்று விடை தரும். இது தெரியாமல், நம் சீனியர் சிட்டிசன் டெவலப்பர் வேறொரு ஃபைலில், வரும் விடையில் இருந்து 50-ஐக் கழிக்கிறார்.

இரண்டு பேரும் தொட்டது வேறு வேறு ஃபைல். கிட்டுக்கு எந்தப் பிரச்சினையும் தெரியாது. ஜம்மென்று மெர்ஜ் ஆகிவிடும். ஆனால், 25000-ல் 50 போனால் 24950 பைசா. அதாவது 249 ரூபாய் 50 காசு. 200 ரூபாய் கட்ட வேண்டிய தாத்தாவுக்குக் கிடைத்த தள்ளுபடி வெறும் 50 காசு!

இரண்டு பேருமே தங்கள் வரையில் சரியாகத்தான் எழுதினார்கள். தனித்தனியாகச் சரி, சேர்ந்தால் தப்பு. கிட் வரிகளை ஒப்பிடும், அர்த்தத்தை ஒப்பிடாது. இதைப் பிடிக்க மூன்று வழிகள்தான் உண்டு. ஒன்று, மெயினுடன் சேர்த்துப் பார்த்த பிறகு ஓடும் டெஸ்ட்கள். இரண்டு, இரண்டு பகுதியும் தெரிந்த ஒருவரின் ரிவ்யூ. மூன்று, 'நான் இதை பைசாவுக்கு மாத்தப்போறேன்' என்று டீமில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்வது.

பிராஞ்சுகள் எவ்வளவு நாள் தனியாக இருக்கிறதோ, அவ்வளவு தூரம் இப்படி விலகிப் போகும். அதனால்தான் பிராஞ்சின் ஆயுள் ஓரிரு நாட்களாக இருப்பது நல்லது என்கிறார்கள். அதற்கு மேல் போனால், மெயினில் நடப்பதை தினமும் உங்கள் பிராஞ்சுக்குள் இழுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் ரிவ்யூ செய்தால் போதுமா?

இணையத்தில் தகவலைப் பாதுகாப்பாக அனுப்ப உதவும் 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' சாஃப்ட்வேரில் நடந்ததைப் பார்ப்போம். 2011 டிசம்பர் 31-ம் தேதி இரவு, புதிய வசதி ஒன்று அதன் கோடிங்கில் சேர்க்கப்பட்டது. சேர்க்கும் முன் டீமில் ஒருவர் அதை ரிவ்யூ செய்திருந்தார். ஆனால், எதிர்முனை சொல்லும் அளவு உண்மையா என்று சரிபார்க்க வேண்டிய ஒரு சோதனை விடுபட்டிருந்ததை எழுதியவரும் கவனிக்கவில்லை, ரிவ்யூ செய்தவரும் கவனிக்கவில்லை.

2012 மார்ச்சில் அது வெளியீட்டில் சேர்ந்தது. 2014 ஏப்ரல் 7-ம் தேதிதான் இந்த ஓட்டை உலகுக்குத் தெரிந்தது. 'ஹார்ட்பிளீட்' என்று பெயர். சர்வரின் மெமரியில் இருந்து ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் வரை, பாஸ்வேர்டு உட்பட எது இருந்தாலும், வெளியில் இருப்பவர் உருவ முடியும் என்ற நிலை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது.

இதில் வெர்ஷன் கன்ட்ரோல் உதவியது எங்கே? எந்தத் தேதியில், எந்த கமிட்டில், எந்த வரிகளில் தப்பு நுழைந்தது என்று துல்லியமாகச் சொல்ல முடிந்தது. எந்த வெர்ஷன் பயன்படுத்துபவர்கள் பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. உதவாதது எங்கே? தப்பு நுழைவதைத் தடுப்பதில். அதற்கு அவசரப்படாமல் படிக்கும் கண்கள் வேண்டும்.

2,000 வரி மாற்றத்தை ரிவ்யூவுக்கு அனுப்பினால், பார்ப்பவர் மேலோட்டமாகப் புரட்டிவிட்டு 'நல்லா இருக்கு' என்று போட்டுவிடுவார். 100 வரி அனுப்பினால் படிப்பார். ரிவ்யூ உருப்படியாக நடக்க வேண்டுமானால், அனுப்புபவர்தான் முதலில் சின்னதாக அனுப்ப வேண்டும்.

தப்பு நடந்துவிட்டது. திரும்பிப் போக முடியுமா?

முடியும். ஆனால், வழி எது என்பது முக்கியம்.

'ரிவர்ட்': தப்பான கமிட் செய்ததை அப்படியே தலைகீழாக மாற்றும் புதிய கமிட்டைச் சேர்ப்பது. தப்பும் வரலாற்றில் இருக்கும், திருத்தமும் இருக்கும். மெயின் போன்ற பொதுப் பாதையில் இதுதான் பாதுகாப்பான வழி. இரவு 11 மணிக்கு ஆப் படுத்துவிட்டால், முதலில் ரிவர்ட் செய்து ஆப்பை எழுப்புங்கள். 'யாருப்பா இதை மாத்துனது?' என்ற விசாரணையைக் காலையில் வைத்துக்கொள்ளலாம்.

'ரீசெட்': உங்கள் பிராஞ்சைப் பின்னோக்கி நகர்த்தி, அதற்குப் பிறகு வந்த கமிட்களை விட்டுவிடுவது. உங்கள் கம்ப்யூட்டரில், இன்னும் யாருக்கும் அனுப்பாத வேலையில் செய்தால் பரவாயில்லை.

'ஃபோர்ஸ் புஷ்': பொது இடத்தில் இருக்கும் வரலாற்றைத் தள்ளிவிட்டு, உங்கள் வரலாற்றை அங்கே திணிப்பது. இடையில் மற்றவர்கள் சேர்த்த கமிட்கள் அந்தப் பாதையில் இருந்து காணாமல் போகும். மெயினில் இதைச் செய்யவே கூடாது. உங்கள் சொந்த பிராஞ்சில் தேவைப்பட்டால், 'ஃபோர்ஸ் வித் லீஸ்' என்ற வகையைப் பயன்படுத்தலாம். நீங்கள் பார்த்த பிறகு வேறு யாராவது அங்கே புதிதாகச் சேர்த்திருந்தால் அது தடுத்துவிடும்.

கமிட் செய்த வேலை தொலைந்துபோனதாகத் தெரிந்தால் டென்ஷன் வேண்டாம். 'ரீஃப்ளாக்' என்ற கட்டளை உங்கள் கம்ப்யூட்டரில் பிராஞ்சுகள் எங்கெங்கே நகர்ந்தன என்று காட்டும். வேறு பாதையில் இல்லாத கமிட்களைக்கூட, கிட் சாதாரண செட்டிங்கில் 30 நாட்கள் வரை இந்தப் பதிவில் வைத்திருக்கும். ஆனால் கிட்டிடம் ஒருமுறைகூடக் கொடுக்காத வேலையை அதனால் மீட்டுத் தர முடியாது. வீட்டுக்குக் கிளம்பும் முன் கமிட் செய்து, புஷ் செய்துவிட்டுக் கிளம்புங்கள் என்று சீனியர்கள் சொல்வது இதனால்தான்.

பாஸ்வேர்டு உள்ளே போய்விட்டால்?

கிட் எதையும் மறக்காது என்பது வரம். அதுவே சில நேரம் வினையாகிவிடும்.

டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, கிளவுட் கணக்கின் சாவி போன்றவற்றைக் கோடிங்கிலேயே எழுதி கமிட் செய்துவிடுவது அடிக்கடி நடக்கும் தப்பு. அடுத்த கமிட்டில் அதை அழித்துவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். போதாது. பழைய கமிட்டைத் திறந்தால் பாஸ்வேர்டு அப்படியே இருக்கும்.

2016-ல் உபர் நிறுவனத்தின் தகவல்கள் திருடப்பட்ட வழியும் இப்படித்தான். கிட்ஹப்பில் அந்த நிறுவனத்தின் பிரைவேட் ரெப்போவுக்குள் நுழைந்தவர்களுக்கு, அங்கே கிளவுட் சாவி கிடைத்தது. பயணிகள், டிரைவர்கள் என 5 கோடியே 70 லட்சம் பேரின் தகவல்கள் வெளியே போயின. 2017 நவம்பரில்தான் உபர் இதை வெளியில் சொன்னது. பிரைவேட் ரெப்போதானே என்ற தைரியமும் உதவவில்லை.

தப்பித்தவறி சாவி உள்ளே போய்விட்டால் முதலில் செய்ய வேண்டியது, அந்தச் சாவியை ரத்து செய்துவிட்டுப் புதியதை வாங்குவது. வரலாற்றைச் சுத்தம் செய்வது அதற்குப் பிறகு. வராமல் தடுக்க, பாஸ்வேர்டு இருக்கும் ஃபைலின் பெயரை 'கிட் இக்னோர்' பட்டியலில் ஆரம்பத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.

எந்த டீமுக்கு எந்த முறை?

எல்லோரும் கிட் பயன்படுத்தினாலும், எல்லோரும் ஒரே மாதிரி பயன்படுத்துவதில்லை. பரவலாக இருப்பவை மூன்று முறைகள்.

கிட்ஹப் ஃப்ளோ: மேலே எட்டு ஸ்டெப்பில் பார்த்தோமே, அதுதான். ஒரு மெயின், சின்னச் சின்ன பிராஞ்சுகள், ரிவ்யூ, மெர்ஜ். அடிக்கடி புதுப்பிக்கப்படும் வெப்சைட்டுகளுக்குப் பொருத்தம்.

கிட் ஃப்ளோ: நெதர்லாந்தைச் சேர்ந்த வின்சென்ட் டிரீசன் 2010-ல் எழுதிய முறை. மெயினுடன் 'டெவலப்' என்ற இன்னொரு நிரந்தரப் பாதை, வெளியீட்டுக்கு ஒரு பிராஞ்ச், அவசரத் திருத்தத்துக்கு ஒரு பிராஞ்ச் என்று விரிவானது. ஒரே நேரத்தில் பல வெர்ஷன்களைப் பராமரிக்க வேண்டிய சாஃப்ட்வேருக்குச் சரிவரும். தினமும் புதுப்பிக்கும் வெப் சேவைகளுக்கு இதைவிட எளிய முறையே நல்லது என்று டிரீசனே 2020-ல் எழுதினார்.

டிரங்க் முறை: எல்லோரும் தினமும், முடிந்தால் ஒரு நாளில் பல முறை, மெயினிலேயே சேர்ப்பது. முடியாத வேலையை ஒரு ஸ்விட்ச் போட்டு மூடி வைப்பார்கள். மெயினில் இருக்கும், மக்களுக்குத் தெரியாது. கூகுள் இந்த வழியில் போகும் நிறுவனம். 2015 ஜனவரியில் அதன் பொது ரெப்போவில் சுமார் 200 கோடி வரி கோடிங் இருந்தது. அதற்கு கூகுள் பயன்படுத்துவது கிட் அல்ல, சொந்தமாக உருவாக்கிய வேறு சிஸ்டம். டெஸ்ட்கள் வலுவாக இல்லாத டீம் இந்த முறையில் இறங்கினால் கஷ்டம்தான்.

மூன்று பேர் டீம் கிட் ஃப்ளோவை எடுத்தால், கோடிங் எழுதுவதைவிட பிராஞ்ச் மாற்றுவதிலேயே நேரம் போகும். எதை எடுத்தாலும், டீமில் எல்லோரும் ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும். அதை ஒரு பக்கத்தில் எழுதி வைப்பது இன்னும் நல்லது.

எல்லோரிடமும் பிரதி இருக்கிறதே, பேக்கப் வேண்டாமா?

வேண்டும். 2013 மார்ச்சில் 'கே.டி.இ.' என்ற பிரபல ஓப்பன் சோர்ஸ் அமைப்பின் பிரதான கிட் சர்வரில் ஃபைல் சிஸ்டம் பழுதானது. பிரதி எடுக்கும் மற்ற சர்வர்கள் இருந்தன. ஆனால், அவை பிரதானத்தில் இருப்பதை அப்படியே நகலெடுப்பவை. பழுதையும் சேர்த்து நகலெடுத்துவிட்டன. சுமார் 1,500 ரெப்போக்கள் கைவிட்டுப் போக இருந்த நிலையில், அந்தப் பழுது போய்ச் சேராத ஒரு சர்வரில் நல்ல பிரதி இருந்ததால் மீண்டன. நகல் என்பது வேறு, தேதி வாரியாக எடுத்துத் தனியாக வைக்கும் பேக்கப் என்பது வேறு.

வேலையில் புதிதாகச் சேர்கிறீர்களா?

முதல் நாளிலேயே இந்தக் கேள்விகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

• மெயினுக்கு நேரடியாக புஷ் செய்யலாமா, கூடாதா?
• பிராஞ்சுக்கும் கமிட் குறிப்புக்கும் எப்படிப் பெயர் வைக்கிறீர்கள்?
• ரிவ்யூவுக்கு யாரிடம் அனுப்ப வேண்டும்? எத்தனை பேர் ஒப்புதல் வேண்டும்?
• பாஸ்வேர்டுகளை எங்கே வைத்திருக்கிறீர்கள்?
• ஆப்பில் பிரச்சினை வந்தால் ரிவர்ட் செய்யும் அதிகாரம் யாருக்கு?

காலேஜில் படிப்பவர்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஃபைனல் இயர் புராஜெக்ட்டை பென் டிரைவில் மாற்றி மாற்றிக் கொடுப்பதற்குப் பதிலாக, மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு ரெப்போ தொடங்குங்கள். வேண்டுமென்றே ஒரே வரியை இரண்டு பேர் மாற்றி, ஒரு கான்ஃப்ளிக்ட்டை வரவழைத்துப் பாருங்கள். அதைத் தீர்க்க இரண்டு பேரும் பேசியாக வேண்டும். வேலைக்குப் போகும் முன் பழக வேண்டியது முக்கியமாக அதைத்தான்.